சேராத பலகை, ஆடும் கால், எழும்பும் கூரை: கணினியில் வரைந்து இயந்திரத்தில் வெட்டிய தோட்டப் பந்தலின் கோளாறுகளைத் தீர்க்கும் வழி

பிளைவுட்டை சிஎன்சி ரவுட்டரில் (கணினி சொல்லும் பாதையில் சுழலும் கட்டரால் வெட்டும் இயந்திரம்) வெட்டி, நாக்கும் (பலகையில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி) காடியுமாக (அது நுழையும் வெட்டு) கோத்து நிறுத்தி, சில வாரங்களோ ஒரு பருவமோ கழித்துப் பிரித்து எடுக்கும் சிறிய பந்தலுக்கான குறிப்பு இது. 18 மி.மீ. பலகை, 6 மி.மீ. கட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குகளைச் சொல்கிறேன். உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், வழி அதேதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் கோளாறு கண்ணில் படும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றாக இருப்பது அரிது. தோட்டத்தில் சேராத பலகை வரைபடத்தில் கெட்டிருக்கும். மழைக்குப் பின் கழற்ற முடியாத இணைப்பு வண்ணம் பூசும்போதே கெட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு கட்டம் பின்னால் போய்ப் பாருங்கள். அரத்தைக் கையில் எடுக்கும் முன், தடிமனை நுட்பமாக அளக்கும் காலிப்பரை எடுங்கள்.

நாக்கு காடிக்குள் போகவே மறுக்கிறது

முதலில் பலகையின் தடிமனை அளந்து பாருங்கள். 18 என்று விற்கப்படும் பலகை 17.3-ஆகவும் இருக்கும், 18.3-ஆகவும் இருக்கும். ஒரே கட்டில் வந்த இரண்டு பலகைகளுக்குள், ஏன், ஒரே பலகையின் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையிலேயே வித்தியாசம் தெரியும். ஒவ்வொரு பலகையிலும் நான்கு ஓரங்களிலுமாக ஆறேழு இடத்தில் அளந்து, வந்ததில் பெரிய எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தடிமன் ஒரே இடத்தில் மாற்றக்கூடிய மாறியாக இருக்க வேண்டும். எண்ணை மாற்றினால் வரைபடமும் தானே மாறும் கிராஸ்ஹாப்பர் போன்ற மென்பொருளில் வரைந்திருந்தால் இது ஒரு நிமிட வேலை. எல்லாக் காடியையும் கையால் 18 என்று வரைந்திருந்தால், இப்போதே உட்கார்ந்து மாற்றிவிடுங்கள். தோட்டத்தில் இருநூறு காடியை அரத்தால் தேய்ப்பதைவிட அது சுலபம்.

தடிமன் சரியாக இருந்தும் போகவில்லையா? முக்கால்வாசி உள்ளே போய், கடைசி இரண்டு மூன்று மில்லிமீட்டரில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் குற்றம் மூலையில் இருக்கிறது. வட்டமான கட்டர் உள்மூலையைச் சதுரமாக வெட்டாது; 6 மி.மீ. கட்டர் 3 மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுவிடும். சதுர மூலை கொண்ட நாக்கு அந்த வளைவில் போய் உட்கார்ந்துவிடும். வரைபடத்தில் ஒவ்வொரு உள்மூலையிலும் கட்டரின் ஆரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஆரத்தில் வட்டக் கடைசல் (மூலையைத் தாண்டிக் குடையும் சிறு வளைவு) போட்டால் தீர்ந்தது. மூலைவிட்டமாகப் போடுவதைவிட, காடியின் ஒரு பக்கமாகத் தள்ளிப் போட்டால் நாக்கு பதிந்தபின் அது மறைந்துவிடும். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும். ஏற்கனவே வெட்டியாகிவிட்டது என்றால், உளியால் மூலையைச் சதுரமாக்குவதைவிட நாக்கின் மூலையைச் சாய்வாகச் சீவிவிடுவது பல மடங்கு வேகமான வேலை.

எல்லா இடத்திலும் முதலிலிருந்தே இறுக்கம் என்றால், இடைவெளியே விடவில்லை என்று பொருள். வெளியில் நிற்கும், திரும்பக் கழற்ற வேண்டிய பந்தலுக்குக் காடியின் அகலம் பலகையின் உண்மையான தடிமனைவிட 0.3 முதல் 0.5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். அதுவும் வண்ணம் பூசாத நிலையில். நாக்கின் இரு முகத்திலும் காடியின் இரு சுவரிலும் பூசினால் நான்கு படலம் சேரும், அதையும் கூட்டுங்கள்.

இதையெல்லாம் ஊகிக்காமல் தெரிந்துகொள்ள ஒரு சோதனைத் துண்டு போதும். அதே பலகையின் ஓரத்தில், உண்மைத் தடிமனில் தொடங்கி 0.1 மி.மீ. வீதம் கூட்டிக்கொண்டே எட்டுக் காடிகள் வெட்டுங்கள், பக்கத்தில் எண்ணையும் செதுக்குங்கள். மேசையின் நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என இரண்டு துண்டு வேண்டும். இயந்திரம் இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வெட்டும் என்று நம்ப வேண்டாம். உள்ளங்கையால் அழுத்தினால் உள்ளே போகிற, தலைகீழாகப் பிடித்தால் தானாக விழாத காடிதான் உங்கள் அளவு. பலகை மாறினாலோ கட்டர் மாறினாலோ மறுபடி வெட்டிப் பாருங்கள். சாணை பிடித்த கட்டர் 6 மி.மீ. இருக்காது.

சில இடத்தில் மட்டும் போகவில்லை, அதே அளவு மற்ற இடத்தில் சரியாக இருக்கிறது

கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் கோக்கும் கூரைகளில் இது வரும். போகாத இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டு தள்ளி நின்று பாருங்கள். அவை எல்லாம் இரண்டு பலகைகள் சாய்வாக வெட்டிக்கொள்ளும் இடங்களாக இருக்கும்.

மூன்று அச்சு ரவுட்டர் (கட்டர் நீளம், அகலம், ஆழம் என்ற மூன்று திசையில் மட்டும் நகரும், சாயாது) பலகைக்குச் செங்குத்தாகத்தான் வெட்டும். எதிர்ப் பலகை சாய்ந்து வந்தால் அதற்குத் தடிமனைவிட அகலமான காடி தேவை. கணக்கு எளிது: தடிமனை, வெட்டும் கோணத்தில் பாதியின் டேன்ஜென்ட்டால் வகுத்தால் காடியின் குறைந்தபட்ச அகலம். 18 மி.மீ. பலகைக்கு 90 பாகையில் 18. 75 பாகையில் ஏறக்குறைய 23.5, 60 பாகையில் 31-ஐத் தாண்டிவிடும். எல்லாக் காடியையும் 18.4 என்று வெட்டிவைத்து 60 பாகை இடத்தில் கொட்டாப்புளியால் அடித்தால் பலகைதான் பிளக்கும்.

காடியை அகலப்படுத்தினால் பலகை போகும், ஆனால் இரண்டு கோடுகளில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், மிச்சம் காற்று. அந்த இடத்தில் ஆப்பு வைத்து இறுக்கலாம். உண்மையான தீர்வு வடிவத்தில் இருக்கிறது: கட்டத்தின் கோடுகளைத் திருப்பி, எந்தச் சந்திப்பும் 75 பாகைக்குக் கீழே போகாதபடி பாருங்கள். வளைந்த கூரையின் ஓரங்களில்தான் கோணம் மோசமாகும், அங்கிருந்து சரிபாருங்கள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு: அளவு சரி, கோணம் சரி, ஆனால் நுழைக்க வழியில்லை. மூன்று பலகைகள் ஒரே முடிச்சில் மூன்று திசையில் கோக்கப்பட்டால் கடைசிப் பலகை போக வேண்டிய பாதையை முதல் இரண்டும் அடைத்துக்கொள்ளும். திரையில் எல்லாம் அந்தரத்தில் ஒன்றாகத் தோன்றிவிடுவதால் இது வெட்டும்வரை தெரியாது. அட்டையில் லேசரால் 1:10 அளவில் வெட்டிக் கோத்துப் பார்த்துவிடுங்கள். நுழையும் வரிசையை அங்கேயே எழுதிவைத்தால் தோட்டத்தில் சண்டை குறையும்.

எல்லாம் சேர்ந்தது, தள்ளினால் பந்தலே ஆடுகிறது

இதைப் பார்த்ததும் பலர் செய்வது, அடுத்த முறை காடியை இறுக்கமாக வெட்டுவது. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: கழற்ற வேண்டிய பந்தலில் விறைப்பை இணைப்பிடம் கேட்கக் கூடாது. ஒரு காடியில் 0.4 மி.மீ. இடைவெளி இருந்தால் அது ஒரு சிறிய கீல். நான்கு கீல் கொண்ட செவ்வகம் சாயத்தான் செய்யும். காடியை இறுக்கினால் முதல் நாள் ஆடாது. வெயிலும் மழையும் பட்டபின் மறுபடி ஆடும், அல்லது கழற்ற வராது.

விறைப்பு மூலைவிட்டத்திலிருந்தும் வடிவத்திலிருந்தும் வர வேண்டும். எந்தத் திசையில் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். ஒருவர் தோள் உயரத்தில் தள்ள, இன்னொருவர் கால்களைக் கவனிக்கட்டும். ஒரு திசையில் மட்டும் ஆடினால் அந்தத் தளத்தில் முக்கோணம் இல்லை: இரும்புக் கம்பி வடத்தைக் குறுக்காக இரண்டு பக்கமும் கட்டி டர்ன்பக்கிளால் (திருகினால் வடத்தை இழுத்து இறுக்கும் கொக்கி) இறுக்குங்கள், அல்லது ஒரு கட்டத்தை முழுப் பலகையால் அடைத்துவிடுங்கள். இரண்டு திசையிலும் ஆடினால் கூரையும் சேர்ந்து நெளிகிறது, அதற்கும் மூலைவிட்டம் வேண்டும். கூரையின் ஓரம் மட்டும் படபடத்தால் விளிம்பில் ஒரு செங்குத்துப் பட்டையை வைத்துக் கட்டுங்கள், போதும்.

ஜெர்மனியின் மான்ஹைமில் 1975-இல் தோட்டக் கண்காட்சிக்காக கட்டடக் கலைஞர் ஃப்ரை ஒட்டோ முதலானோர் எழுப்பிய மல்ட்டிஹாலே என்ற மரக்கூடம் இதற்கு நல்ல பாடம். மெல்லிய ஹெம்லாக் மரச் சட்டங்களை வலைபோலப் பரப்பி, சந்திப்புகளில் போல்ட்டைச் சுற்றித் திரும்பும்படி விட்டு, வடிவம் வந்தபின் இறுக்கினார்கள். சாய்வை மூலைவிட்டமாக ஓடும் கம்பி வடங்களிடம் விட்டார்கள். கணினி வெட்டு எதுவும் இல்லாத காலம் அது. ஆனாலும் தளர்வான இணைப்பை எங்கே மன்னிக்கலாம், விறைப்பை எங்கே தேட வேண்டும் என்பதை இன்றைக்கும் அதிலிருந்து படிக்கலாம். அதே நாட்டில் 2014-இல் ஷ்வேபிஷ் க்மூண்ட் தோட்டக் கண்காட்சிக்கு எழுந்த மரக்கூடத்தில் 243 பீச் பிளைவுட் தகடுகள், தடிமன் 50 மி.மீ. மட்டும். தகடுகளை விரல் இணைப்புகள் பிடித்திருந்தாலும், அவ்வளவு மெல்லிய ஓடு நிற்பதற்குக் காரணம் இரண்டு திசையிலும் வளைந்த அதன் வடிவம். சின்னப் பந்தலிலும் தட்டைக் கூரையைக் கொஞ்சம் மடித்தாலே வித்தியாசம் கையில் தெரியும்.

கடைசிப் பலகை சேரவில்லை

வளையமாக மூடும் பந்தலில் கடைசி இடைவெளி 7 மி.மீ. கூடவோ குறையவோ நிற்கிறது. எந்தப் பலகையும் தனியாகத் தப்பில்லை. ஓர் இணைப்புக்கு 0.3 மி.மீ. என்றாலும் 24 இணைப்பில் 7.2 ஆகிவிடும். ஒரே பக்கமாகக் கூடும் பிழைதான் இப்படிச் சேரும். முன்னும் பின்னுமாக வரும் பிழை பெரும்பாலும் தங்களுக்குள் கழிந்துவிடும்.

ஒன்று ஒன்றாக இறுக்கிக்கொண்டே வந்திருந்தால் எல்லா போல்ட்டையும் அரைத் திருகு தளர்த்துங்கள். முழு வளையமும் கோத்தபின், எதிர் எதிர்ப் பக்கமாக மாறி மாறி இறுக்குங்கள். பாதிக்கு மேல் இதிலேயே சரியாகும். அடிக்கோட்டில் கால்களின் இடங்களையும் நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இல்லையென்றால் பலகையின் மேல் பழி இல்லை. அப்படியும் மிஞ்சினால் கடைசிப் பலகையைத் தோட்டத்தில் அளந்து வெட்டுவதில் வெட்கமே வேண்டாம். நல்ல வடிவமைப்பில் அது முதலிலேயே திட்டமிடப்பட்டிருக்கும்: ஒரு பலகை மட்டும் நீள்துளை போல்ட்டோடு, இரண்டு பக்கமும் பத்து மில்லிமீட்டர் விட்டுக்கொடுக்கும்படி.

வெட்டு விளிம்பு கருகுகிறது, பிய்கிறது, அல்லது சிறு துண்டுகள் நகர்ந்துவிடுகின்றன

கருகினால் கட்டர் மரத்தை வெட்டாமல் தேய்க்கிறது. ஒவ்வொரு பல்லும் ஒரு சுற்றில் எடுக்கும் சீவலின் தடிமனைக் கணக்கிடுங்கள்: நகரும் வேகத்தைச் சுழற்சி எண்ணிக்கையாலும் பற்களின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். இரண்டு பல் கட்டர், நிமிடத்துக்கு 18,000 சுற்று, 5,400 மி.மீ. நகர்வு என்றால் 0.15 மி.மீ. வரும். 6 மி.மீ. கட்டருக்கு பிளைவுட்டில் இது நல்ல தொடக்கம். பயந்துகொண்டு மெதுவாக ஓட்டினால்தான் கருகும். சூடான தூள் உறிஞ்சு பையில் போய் மணிக்கணக்கில் புகைந்து தீப்பிடிக்கக்கூடும் என்பதால் கருகல் வாசனை வந்தால் உடனே நிறுத்திப் பையையும் பாருங்கள்.

மேல் அடுக்கு பிய்ந்தால் கட்டர் சீவலை மேல்நோக்கி இழுக்கும் வகையாக இருக்கும். மேலும் கீழும் நடுநோக்கித் தள்ளும் கம்ப்ரெஷன் கட்டர் இதற்காகவே இருக்கிறது. ஆனால் அதன் நுனியில் உள்ள மேல்நோக்கிய பகுதி முழுவதும் மூழ்கும்படி முதல் வெட்டே ஆழமாகப் போக வேண்டும், இல்லையென்றால் பிய்வது நிற்காது. எல்லாம் சரியாக இருந்தும் பிய்ந்தால் கட்டர் மழுங்கிவிட்டது.

துண்டு நகர்ந்தால் வரிசையைப் பாருங்கள்: உள் துளைகள் முதலில், பிறகு சிறு துண்டுகள், வெளிக்கோடு கடைசியில். வெளிக்கோட்டில் ஆங்காங்கே வெட்டாத சிறு ஒட்டு விடுங்கள், அல்லது அடியில் 0.4 மி.மீ. தடிமனுக்கு வெட்டாத தோல் விட்டு அதைக் கடைசியாக வெட்டுங்கள்.

பலகை முழுதும் தப்பான அளவில் அல்லது கண்ணாடிப் பிம்பமாக வந்திருக்கிறது

25.4 மடங்கு பெரிதோ சிறிதோ என்றால் அங்குலமும் மில்லிமீட்டரும் மாறிவிட்டன. இடவலம் மாறியிருந்தால் பலகையின் எந்த முகம் மேலே என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஒரே கோட்டை இரண்டு முறை வெட்டுகிறது என்றால் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடு கிடக்கிறது. கட்டர் கோட்டின் தப்பான பக்கம் ஓடுகிறது என்றால் எங்கோ கோடு மூடாமல் இருக்கிறது. கோப்பைத் திறந்து நான்கையும் பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. இயந்திரத்தில் பலகையை ஏற்றும் முன் பார்த்துவிடுங்கள்.

வளைக்கும் பட்டை வெடிக்கிறது

பட்டையை வளைத்து வளைவாக நிறுத்தும் பந்தலில் இரண்டு எண்கள்தான் எல்லாம்: தடிமன், வளைவின் ஆரம். வளைவுத் தகைவு தடிமனுக்கு நேர்விகிதம், ஆரத்துக்கு எதிர்விகிதம். தடிமனைப் பாதியாக்கினால் அதே வளைவில் தகைவும் பாதியாகும். ஆனால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் மெல்லிய பட்டைகளை முதலில் வளைத்து, பின்பு ஒன்றோடொன்று பூட்டி விறைப்பை மீட்பதுதான் வழி. ஷ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் 2010-இல் எழுந்த ஆய்வுப் பந்தல் 6.5 மி.மீ. பிர்ச் பிளைவுட் பட்டைகளால் ஆனது. வளைந்த பட்டையும் இழுபட்ட பட்டையும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்தின.

வெடித்த இடத்தைப் பாருங்கள். நடுவில் வெடித்தால் ஆரம் சிறிது, அல்லது மேல் அடுக்கின் ரேகை தப்பான திசையில் ஓடுகிறது. ஒரே பிளைவுட்டிலிருந்து நீளவாக்கில் வெட்டிய பட்டையும் அகலவாக்கில் வெட்டியதும் இரண்டு வேறு பொருள் போலவே நடந்துகொள்ளும். துளைக்குப் பக்கத்தில் வெடித்தால் துளையை வளைவு குறைந்த இடத்துக்கு நகர்த்துங்கள்.

கால்கள் விரிகின்றன, ஒரு மூலை இறங்குகிறது

வளைவு எப்போதும் காலை வெளியே தள்ளும். 4 மீ. அகலம், 1 மீ. உயரம் உள்ள வளைவு, சீரான பாரத்தில், மொத்தப் பாரத்தின் பாதி அளவு விசையால் ஒவ்வொரு காலையும் பக்கவாட்டில் தள்ளும். உயரத்தை 2 மீ. ஆக்கினால் அது கால் பங்காகும். புல்தரையில் முளை அடித்துச் சமாளிப்பதைவிட, இரண்டு காலையும் தரை மட்டத்தில் ஒரு பட்டையால் இணைத்துவிடுங்கள். அந்தப் பட்டையே தரைப்பலகையாகவும் ஆகலாம்.

ஒரு மூலை மட்டும் இறங்கினால் மண் ஈரமாகியிருக்கிறது. காலுக்கு அடியில் 400 மி.மீ. சதுரப் பலகை வைத்து, ரசமட்டம் பார்த்து, திருகினால் உயரும் மரைக் காலால் உயர்த்துங்கள். உயர்த்தும் முன் அருகில் உள்ள போல்ட்டுகளைத் தளர்த்த மறக்க வேண்டாம். மரத்தின் வேர்ப் பக்கம் முளையோ திருகு நங்கூரமோ இறக்காதீர்கள். பந்தல் போய்விடும், மரம் அங்கேயே இருக்க வேண்டும்.

மழைக்குப் பிறகு இணைப்பு இறுகிவிட்டது

பிளைவுட் நீள அகலத்தில் அதிகம் மாறாது, தடிமனில் ஊதும். தண்ணீர் புகும் வழி வெட்டிய விளிம்பு, அதிலும் காடியின் உள் விளிம்பு. வெளி முகத்துக்கு அழகாக வண்ணம் பூசிவிட்டுக் காடியைப் பச்சையாக விட்டிருந்தால் இது நடக்கத்தான் செய்யும். இப்போதைக்கு அடிக்காதீர்கள், நாலைந்து உலர்ந்த நாள் காத்திருங்கள். அவசரம் என்றால் இரண்டு பக்கமும் கட்டை வைத்து, க்ளாம்ப்பைத் திருப்பிப் போட்டு மெதுவாக விரியுங்கள். அடுக்கே பிரிந்து வந்தால் பசை வெளிப்பயன்பாட்டுக்கு ஆனதில்லை. அந்தப் பலகையைத் தாங்கும் இடத்தில் மறுபடி வைக்கக் கூடாது.

முப்பரிமாண அச்சில் எடுத்த இணைப்பிகள் வெயிலில் வளைந்தால் அது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்; 60 பாகை செல்சியஸ் அருகிலேயே அது இளகிவிடும், அடர் நிறத்தில் வெயிலில் கிடந்தால் அந்தச் சூடு எளிதில் வரும். வெயில் தாங்கும் ஏஎஸ்ஏ பிளாஸ்டிக்கில் மறுபடி அச்சிடுங்கள். அடுக்கு வாக்கில் பிளந்தால் அச்சிடும்போது திருப்பி வைக்க வேண்டும்.

காற்றில் கூரை எழும்புகிறது

இந்த ஒரு அறிகுறி தென்பட்டால் ஆட்களை வெளியேற்றிவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

பந்தல் கனமானது என்று நமக்குத் தோன்றும், தூக்கிச் சுமந்திருப்போமே. 2440 × 1220 மி.மீ. பிர்ச் பலகை 18 மி.மீ. தடிமனில் 36 கிலோ அளவு இருக்கும். பத்துப் பலகை வாங்கி வெட்டுக் கழிவு போக நின்றது 250 கிலோ என்று வையுங்கள். காற்று நொடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்தால் அதன் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 245 நியூட்டன். 9 சதுர மீட்டர் கூரையை அது அப்படியே மேலே இழுத்தால் 225 கிலோ தூக்கும் விசை. முழுப் பந்தலின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

மூன்றைத் தனித்தனியாகப் பாருங்கள்: மேலே எழும்புவது, ஒரு பக்கமாகக் கவிழ்வது, தரையில் வழுக்குவது. எழும்பாத பந்தலும் கவிழலாம். பாரம் நடுவில் இருந்தால் கவிழ்வதைத் தடுக்காது, ஓரக் கால்களில் வையுங்கள். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி 200 கிலோ என்பதெல்லாம் சரி, அதைச் சட்டத்தோடு போல்ட் போட்டுக் கட்டியிருந்தால்தான் கணக்கில் வரும். அப்புறம் கூரையிலிருந்து தரைவரை விசை போகும் வழியைக் கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள். கீழ்நோக்கிய எடைக்காகச் செய்த நாக்கும் காடியும் மேல்நோக்கி இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். அப்படிப்பட்ட ஒவ்வோர் இணைப்பிலும் குறுக்கே ஒரு மர முளையோ போல்ட்டோ வேண்டும்.

துணிக்கூரை என்றால் காற்று கூடும் முன் கழற்றிவிடும்படி அமைப்பது நல்லது. எந்த வேகத்தில் கழற்ற வேண்டும், யார் கழற்ற வேண்டும் என்பதைப் பந்தலை நிறுத்தும் முன்பே எழுதிவையுங்கள். பொதுமக்கள் வந்து நிற்கும் பந்தல் என்றால் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கையெழுத்திட்ட கணக்கு இல்லாமல் திறக்கவே வேண்டாம்.

பிரிக்கும்போது பலகைகள் உடைகின்றன

கோத்த வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் பிரிக்கிறீர்களா என்று பாருங்கள். பலகை எண்ணை மறையும் முகத்தில் கட்டராலேயே செதுக்கியிருந்தால் அழியாது. ஒட்டிய தாள் முதல் மழையிலேயே போயிருக்கும். எண்ணோடு நுழையும் திசைக்கு ஓர் அம்பும் செதுக்குங்கள். பிரிக்கும் முன் கூரைக்குத் தாங்கு கொடுத்து, கம்பி வடத்தைக் கடைசியில் தளர்த்துங்கள். முதலில் அதை அவிழ்த்தால் மொத்தச் சாய்வும் காடிகளின் மேல் விழுந்து நாக்குகள் முறியும். முறிந்த நாக்குள்ள பலகையைத் தனியே வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கோப்பு கையில் இருப்பதால் அந்த ஒரு பலகையை மட்டும், அப்போது கிடைக்கும் பலகையின் தடிமனை அளந்து மாற்றியபின், மறுபடி வெட்டிக்கொள்ளலாம்.